வாய்க்காலை விட்டுவிட்டு ஏரியை வரைந்தவனுக்கு

கோபித்துக்கொண்டு பஸ் ஏறிப் போன மகனுக்கு,

சென்னை போய்ச் சேர்ந்துவிட்டதாக அப்பாவுக்கு மட்டும் செய்தி அனுப்பியிருக்கிறாய். எனக்கு அனுப்பவில்லை. இருக்கட்டும். போனில் பேசலாம் என்றால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்புடறேன்" என்பாய். அந்த அப்புறம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது. அப்பா விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் உன்னை இறக்கிவிட்டபோது அவரிடம், "அம்மாவுக்கு ஒண்ணுமே புரியலப்பா, சும்மா கத்துது" என்று சொன்னாயாம். அவர் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்துவிட்டார். கத்தினேன்தான். இப்போதும் கோபம் ஆறவில்லை. ஆனால் எனக்குப் புரியாமல் இல்லை, தம்பி. என்ன புரிந்தது என்று சொல்கிறேன், உட்கார்ந்து படி. இதை ரகசியமாகவும் எழுதவில்லை. உன்னைப் போல ஏரிக்குப் படம் போடுகிற பிள்ளைகள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள். அவர்களில் யார் கையில் இது கிடைத்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

நீ வந்த அன்று வீடு எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். நம் ஏரிக்கு அரசாங்கம் இரண்டாவது தடவையாகப் பணம் ஒதுக்கியிருக்கிறது, அதற்குத் திட்டம் போடும் வேலை உன் கம்பெனிக்குக் கிடைத்திருக்கிறது, அதிலும் படத்தை வரைந்தது நீதான் என்றதும் அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ஹாலில் படத்தை விரித்துப் போட்டாய். காற்றில் பறக்காமல் இருக்க மூலைக்கு ஒன்றாக நம் பட்டறை பீங்கான் விளக்கை எடுத்து வைத்தாய். "மே ஒண்ணாம் தேதி கிராம சபையில இதுக்குத் தீர்மானம் போடுவாங்கம்மா. நீ மகளிர் குழுத் தலைவி. நீ மொதல்ல கையத் தூக்கினா மத்தவங்களும் தூக்குவாங்க" என்றாய். தூக்கிவிட்டால் போச்சு என்றுதான் நானும் நினைத்தேன். பெற்ற பிள்ளை போட்ட படத்துக்குக் கை தூக்க யாராவது யோசிப்பார்களா? யோசிக்க வேண்டிய நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டாயே என்பதுதான் என் ஆத்திரம்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கரைமேல் நடைபாதை. நடைபாதை ஓரம் சோலார் விளக்கு. உட்காரப் பெஞ்சு. ஏரிக்கு நடுவில் மண்ணைக் குவித்து ஒரு தீவு, தீவில் மரம், மரத்தில் கொக்கு. வாசலில் பெரிய வளைவு. கரையில் ஒரு பொம்பளை நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். நம் ஊரில் எவள் நாயைப் பிடித்துக்கொண்டு ஏரிக்குப் போகிறாள்? அதைக்கூடச் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். தண்ணீர் கரைமுட்ட நீலமாக நின்றது. "இவ்ளோ தண்ணி எந்த வழியாடா வந்துது?" என்று கேட்டேன். நீ படத்தைச் சுருட்ட ஆரம்பித்தாய். "வரத்து வாய்க்கால் எங்க? ரோட்டுக்கு அடியில போற கல்வெட்டு எங்க?" என்றேன். "அது ஸ்கோப்ல வராதும்மா" என்றாய். "ஸ்கோப்புன்னா இன்னா?" "அது வேற டிபார்ட்மென்ட்டு. ஏரிக்குத்தான் ஃபண்டு. உனக்குச் சொன்னா புரியாது." அதற்கப்புறம்தான் நான் கத்தினேன். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும்.

நம் ஏரிக்கு ஆற்றுத் தண்ணீர் கிடையாது. மேற்கே மேட்டுக்காட்டில் பெய்கிற மழை ஓடையாகத் திரண்டு, வரத்து வாய்க்காலில் இறங்கி, பீங்கான் பட்டறைகளுக்குப் பின்பக்கமாக வந்து, தார் ரோட்டுக்குக் கீழே கல்வெட்டுக் குழாயில் நுழைந்து ஏரிக்குள் விழ வேண்டும். வேறு வழியே இல்லை. அந்தக் கல்வெட்டு அடைத்துப்போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. இப்போது ஏரியில் நிற்பது அதன் தலைக்கு நேராகப் பெய்த மழை மட்டும்தான். அதுவும் தை முடிவதற்குள் ஆழமாக வெட்டின குழிகளில் ஒடுங்கிவிடுகிறது, மதகுக்கு எட்டுவதில்லை. மேல்மடைக்காரர்கள் போர் போட்டு எப்படியோ ஒப்பேற்றுகிறார்கள். கடைமடையில் இருக்கிற நம் ஒரு காணியும், அதை ஒட்டின கலியமூர்த்தியின் காணியும் இரண்டு வருஷமாக நெல்லைப் பார்க்கவில்லை. நமக்காவது பட்டறை இருக்கிறது, சோறு தின்கிறோம். உன் சித்தப்பன் கலியமூர்த்திக்கு அந்த நிலத்தைத் தவிர என்ன இருக்கிறது? பிளாட் போடுகிறவர்கள் அவன் வீட்டில் வந்து உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். "இந்த வருசமும் ஏரியில தண்ணி ஏறலன்னா குடுத்துடறேன் அண்ணி. இன்னும் எத்தினி வருசம்தான் காஞ்ச மண்ணையே பாத்துக்கினு இருக்கறது?" என்று என்னிடம் சொல்லிவிட்டான். இப்போது வந்திருக்கிற பணமும் நடைபாதையில் முடிந்துவிட்டால் அடுத்த பணம் எந்தக் காலத்தில் வரும்? உன் படத்தில் அந்த வாய்க்கால் ஏறினால் அவன் நிலம் பிழைக்கும். ஏறாவிட்டால் அவன் விற்றுவிடுவான். இதில் எனக்குப் புரியாதது எது?

முதல் தடவை பணம் வந்தபோது நீ படிப்பை முடித்து அந்தக் காண்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. தை மாசம் வரை ஒரு அதிகாரியும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மாசியில் திடீரென்று பணம் வந்தது. மார்ச்சுக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்றார்கள். அது என்ன பணமோ, வருவதற்கு வருஷக்கணக்காகும், போவதற்கு மட்டும் அவ்வளவு அவசரம். ஏரியில் முழங்கால் அளவு தண்ணீர் இருக்கும்போதே மதகைத் திறந்து வெளியே விட்டார்கள். சேறு காய்ந்தும் காயாததுமாக ஜேசிபி இறங்கியது. தண்ணீரைச் சேர்க்க வந்த பணம் முதல் காரியமாக இருந்த தண்ணீரை வடித்தது. அப்போதே எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் நீ தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, அளவு நாடாவோடு கரைக்கும் பள்ளத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தாய். மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்தால் "வெச்சிட்டுப் போம்மா" என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். உனக்கு அந்த வேலையில் அவ்வளவு பிரியம். உன் முகத்தைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்தத் திட்டத்தில் மக்களும் தங்கள் பங்கைத் தர வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. பணமாகவும் தரலாம், உழைப்பாகவும் தரலாம், பொருளாகவும் தரலாம். விவசாயிகள் டிராக்டர் தந்தார்கள். பட்டறைக்காரர்கள் நாம் என்ன தருவது? நீதான் யோசனை சொன்னாய். "பட்டறைங்களுக்குப் பின்னாடி பழைய அச்சும் ஒடஞ்ச பீங்கானும் மலையாட்டம் கெடக்குதேம்மா. பீங்கான் மக்காது, கரையாது. வாய்க்கால் கரையில அதையே போட்டு மேல மண்ணத் தள்ளிட்டா கரை கல்லாட்டம் நிக்கும்." கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இடமும் காலியாகும், ஊருக்குப் பங்கும் கொடுத்ததாகும். நானே பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன். எல்லாரும் கேட்டைத் திறந்துவிட்டு, "எடுத்துக்கினு போங்க, உங்க புள்ள மூளைக்காரன்தான்" என்றார்கள். டிராக்டர் டிராக்டராக அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டினோம். அப்பா வண்டிமேல் ஏறி நின்றுகொண்டு, இங்கே கொட்டு அங்கே கொட்டு என்று கையைக் காட்டினார்.

அந்த அச்சு எதில் செய்தது என்று நமக்குத் தெரியாதா? அதற்கு நடுவில் வளர்ந்தவன் நீ. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்தது. கூழாகக் கரைத்த மண்ணை உள்ளே ஊற்றினால் அதிலிருக்கிற தண்ணீரை அச்சு உறிஞ்சிக்கொள்ளும், மண் ஓரத்தில் ஒட்டி விளக்காகவோ பொம்மையாகவோ நிற்கும். உறிஞ்சி உறிஞ்சி ஓய்ந்துபோன அச்சைத்தான் பின்பக்கம் எறிகிறோம். ஈரத்தில் கிடந்தால் அது மாவாக உதிர்ந்துவிடும் என்று பட்டறையில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் தெரியும். மழைக்காலத்தில் அச்சு நனையக் கூடாது என்று தார்ப்பாய் போட்டு மூடுகிறவர்கள் நாம்தானே? அதை அள்ளிக்கொண்டுபோய், தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரத்தில் கொட்டிவிட்டு, நாமே கை தட்டிக்கொண்டோம். வேறு ஊர்க்காரன் செய்திருந்தால் தெரியாமல் செய்தான் என்று சொல்லலாம். இந்த ஊரில், அதுவும் நம் வீட்டில், ஒருத்தருக்கும் தோன்றவில்லை. உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பீங்கான் மக்காது என்பதைப் பிடித்துக்கொண்டு அச்சை மறந்துவிட்டோம். வேலை முடிந்த அன்று நடந்த விழாவில் உனக்குச் சால்வை போட்டார்கள். என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். பீங்கான் ஊர் என்றால் என்ன என்று எல்லாருக்கும் காட்டிவிட்டோம் என்று நான் பேசினேன். பேசிய பேச்சை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அந்த ஐப்பசியில் மேற்கே விடாமல் மழை பெய்தது. வாய்க்கால் நிரம்பி ஓடியது. மேலே தள்ளின மண் முதலில் கரைந்தது. பிறகு அச்சுகள் நனைந்து, நொறுங்கி, உடைந்த பீங்கானோடும் சேறோடும் சரிந்து, கல்வெட்டின் குழாய்களுக்குள் போய் அடைத்துக்கொண்டன. வந்த தண்ணீர் போக வழியில்லாமல் பின்வாங்கி பட்டறைகளுக்குள் நுழைந்தது. நம் பட்டறையில் கார்த்திகைக்காகச் செய்து, சூளையில் ஏற்றாமல் காயவைத்திருந்த பச்சை விளக்கெல்லாம் பலகையிலேயே கரைந்து சேறாகிவிட்டது. அப்பா அதை வழித்து வாளியில் போட்டுக்கொண்டே, "மண்ணு எங்கயும் போவல, திரும்ப ஊத்திக்கலாம் வுடு" என்றார். அவருக்கு எதுவுமே பெரிய விஷயம் இல்லை. கடைசியில் தெற்குத் தெருக்காரர்கள், வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும் என்று பயந்து வாய்க்காலின் எதிர்க் கரையை வெட்டிவிட்டார்கள். அத்தனை தண்ணீரும் மணிமுத்தாற்றில் இறங்கி, வெள்ளாற்றில் கலந்து, சேத்தியாத்தோப்பு தாண்டி கடலுக்குப் போய்விட்டது. ஆழப்படுத்தின ஏரி, கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி பக்கத்திலேயே கிடந்தது. அப்போது நீ வேறு கம்பெனிக்கு மாறி சென்னைக்குப் போயிருந்தாய். போனில் சொன்னேன். "அப்படியாம்மா" என்றாய். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

மழை விட்டதும் கலியமூர்த்தி கடப்பாரையை எடுத்துக்கொண்டு கல்வெட்டுக்குள் இறங்கினான். அப்பாவும் நானும் மேலே நின்று அவன் தோண்டிக் கொடுப்பதை வாங்கி வெளியே போட்டோம். கைக்கு எட்டின தூரம் வரைதான் எடுக்க முடிந்தது. உள்ளே கெட்டிப்பட்டுக் கிடந்தது. ரோட்டை வெட்டி, குழாயைப் பெயர்த்து, புதிதாகப் போட்டால்தான் ஆகும். அது நம் கையால் நடக்கிற காரியம் இல்லை. பீங்கான் கிழித்து அவன் உள்ளங்கையெல்லாம் ரத்தம். அந்தக் கையாலேயே ஒரு டீ கப்பை எடுத்து, சேற்றைத் துடைத்துப் புரட்டிப் பார்த்து, "அண்ணி, இது நம்ம பட்டறை முத்திரைதானே?" என்று நீட்டினான். குத்திக்காட்டவில்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அவன் என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து அவன் கைக்கு மஞ்சள் பற்றுப் போட்டேன். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அதையும் உனக்குப் போனில் சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் ஏறாத ஆபீஸ் இல்லை. ஏரியைப் பார்க்கிற ஆபீசில், "கரைக்கு உள்ளதாம்மா எங்க வேலை, வாய்க்கால் பஞ்சாயத்து யூனியன்ல வரும்" என்றார்கள். யூனியனில், "வாய்க்கால் எங்களுதுதான், ஆனா அடைச்சிருக்கிறது கல்வெட்டு ஆச்சே, அது ரோட்டுக்காரங்களுது" என்றார்கள். ரோட்டுக்காரர்கள், "ரோடு நல்லாத்தான இருக்குது, பஸ்ஸெல்லாம் போவுதே" என்றார்கள். என்னைப் பந்தாடிப் பந்தாடி மறுபடி முதல் ஆபீசிலேயே கொண்டுவந்து விட்டார்கள். அங்கே இருந்த அதிகாரி, "ஏரிக்குத்தாம்மா ஃபண்டு, வாய்க்காலுக்கு இல்ல" என்று திரும்பவும் ஆரம்பித்தார். "அப்ப தண்ணி எதுலங்க சார் வரும்? பெண்ணாடம் பஸ்ஸுல ஏத்திவுட்டா ஏரிக்கிட்ட எறங்கிக்குமா?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார், இவர் சிரிக்கவில்லை. ஆனால் அவர் கெட்டவரும் இல்லை. உட்காரச் சொல்லி, ஃபேனைப் போட்டு, தண்ணீர் கொடுத்தார். "நான் இன்னாம்மா பண்றது? எஸ்டிமேட்டுல இருக்கறதத்தான் நான் செய்ய முடியும். அடுத்த திட்டம் போடும்போது ஏரியோட வரத்து வாய்க்காலையும் சேத்துக் காட்டச் சொல்லுங்க. காட்டினா மத்த டிபார்ட்மென்ட்டுல ஒப்புதல் வாங்கிடலாம், அதுக்கு வழி இருக்குது" என்றார். அந்தத் திட்டத்தைப் போடப் போகிறவன் யாரோ என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீயே எழுதிக்கொண்டு வந்து என் முன்னால் விரித்தாய். அதில் வாய்க்கால் இல்லை. அப்புறம் ஸ்கோப் என்று எனக்குக் காது குத்துகிறாய்.

எனக்கு இந்தப் பணத்தின் மேலேயே வெறுப்பாக இருக்கிறது, தம்பி. வராத வரைக்கும் வரவில்லையே என்று கிடக்கிறோம். வந்தால், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் போய் உட்காருகிறது. நடைபாதை தெரியும், விளக்கு தெரியும், வளைவில் பெயர் தெரியும். ரோட்டுக்கு அடியில் குழாயைப் புதுப்பித்தால் யார் பார்க்கப் போகிறார்கள், யார் வந்து ரிப்பன் வெட்டப் போகிறார்கள்? பெரிய மனுஷர்கள் அப்படி யோசிக்கிறார்கள் என்றால் எனக்கு ஆச்சரியம் இல்லை. கல்வெட்டுக்குள் யார் ரத்தம் சிந்தினார்கள் என்று தெரிந்த நீயும் அப்படியே வரைந்துகொண்டு வந்தாயே, அதுதான் தாங்க முடியவில்லை. சென்னைக்காரன் ஆகிவிட்டான், கம்பெனி சொன்னதற்குத் தலையாட்டுகிறான், சித்தப்பன் நிலம் எப்படிப் போனால் இவனுக்கு என்ன என்றெல்லாம் நீ போன பிறகும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு அப்பா ஒன்று சொன்னார். "அவன் அந்தக் கல்வெட்டுப் பக்கமே போவ மாட்டேன்றான், நீ பாத்தியா? வர்றப்பவும் சரி, போறப்பவும் சரி, பட்டறை வழியா வேணாம்பா, சுத்திக்கினு போலாம்ன்றான். ரெண்டு நாளும் அப்படித்தான்." நான் யோசித்துப் பார்த்தேன். கலியமூர்த்தி உன்னைப் பார்க்க வந்தபோது குளிக்கப் போகிறேன் என்று உள்ளே போய்விட்டாய். அவன் போகும் வரைக்கும் வெளியே வரவில்லை. படத்தைச் சுருட்டும்போது உன் கை அவசரப்பட்டது. வாய்க்காலைப் படத்தில் சேர்த்தால், அது ஏன் அடைத்தது என்றும் எழுத வேண்டும். யார் கொட்டினார்கள், எந்த வேலையில் கொட்டினார்கள், யார் சொல்லிக் கொட்டினார்கள் என்று கம்பெனியில் கேட்பார்கள். புதிதாக உத்தியோகத்தில் காலூன்றுகிறவன் நீ. வெட்கம். இதுதானே? ஸ்கோப்பும் இல்லை, டிபார்ட்மென்ட்டும் இல்லை. இதை என்னிடம் சொல்லியிருந்தால் நான் ஏன் கத்தப் போகிறேன்? உனக்கு வெட்கமாக இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு உன்மேல் பாவமாக இருந்தது. கூடவே கோபம் அதிகமானதும் நிஜம்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பளபளப்புக்காகப் பொம்மைகளை முக்குகிற கலவையில் என்னவோ பவுடரைக் கொட்டி விளையாடிவிட்டாய். சூளையைத் திறந்தால் பொம்மை எல்லாம் அம்மை போட்ட மாதிரி கொப்புளம். நீ மண் குவியலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாய். உன்னைத் தேடிப் பிடித்து அடிக்கப் போன என்னை அப்பா தடுத்துவிட்டு, அந்தப் பொம்மைகளை ஸ்ரீமுஷ்ணம் திருவிழாவுக்குக் கொண்டுபோய், இது புது டிசைன் என்று சொல்லி விற்றுவிட்டு வந்தார். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பொம்மையில் கொப்புளம் வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, ஆசைப்பட்டவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆனால் நீ இப்போது செய்வதும் அதே காரியம்தான். நாமாகக் கெடுத்ததை மறைத்துவிட்டு, மேலே விளக்கும் பெஞ்சும் போட்டு, புது டிசைன் என்று ஊருக்கு விற்கப் பார்க்கிறாய். இதை வாங்கிக்கொண்டு போய் கலியமூர்த்தி என்ன செய்வான்?

பெற்றவள் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். வேலையில் தப்பு வரும். தண்ணீர் வேலையில் நிச்சயம் வரும், ஏனென்றால் மழை வந்துதான் சோதித்துப் பார்க்கிறது. தப்பு செய்த இடத்தை அடுத்த படத்தில் முதலில் வரைகிறவனைத்தான் நாலு பேர் நம்புவார்கள். உன்னைத் திட்டுவார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. என்னையும் திட்டுவார்கள். பட்டறைக்காரர்கள், எங்களிடம் அள்ளிக்கொண்டு போனவளே நீதானே என்று கேட்பார்கள். கேட்கட்டும், பதில் சொல்லிக்கொள்கிறேன். கம்பெனியில் உன்னை ஏதாவது சொன்னால், அதே படிப்பை வைத்துக்கொண்டு வேறு கம்பெனியில் சேர்ந்துகொள்ளலாம். நிலத்தை விற்றுவிட்டால் கலியமூர்த்தி போய்ச் சேர இன்னொரு நிலம் இல்லை. இந்த வெயிலில் வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. இப்போது எழுதினால்தான் ஒப்புதல் வாங்கி மழைக்கு முன்னால் ரோட்டை வெட்ட முடியும். இந்த மே மாசத்தை விட்டுவிட்டால் ஐப்பசியிலும் ஏரியில் தண்ணீர் ஏறாது, அவன் நிலத்தைக் கொடுத்துவிடுவான்.

கிராம சபை பள்ளிக்கூட மைதானத்தில் நடக்கிறது. படத்தை விளக்கிச் சொல்ல உன்னைத்தான் அனுப்புவார்கள் என்று அப்பா விசாரித்துக்கொண்டு வந்தார். கலியமூர்த்தியும் வருவான். வாய்க்கால் எதனால் அடைத்தது என்று நீ உன் வாயால் சொல்லி, அதைத் திட்டத்தில் சேர்க்கிறேன் என்றும் சொல்லிவிட்டால், நான் உன் பக்கத்தில் வந்து நிற்பேன். விழுகிற ஏச்சை இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கொள்வோம். நீ அதைச் சொல்லாமல் படத்தைக் காட்டிவிட்டு உட்கார்ந்தால், இந்தத் திட்டம் வேண்டாம் என்று சொல்ல நான் எழுந்திருப்பேன். பெற்ற பிள்ளையை ஊர் நடுவில் காட்டிக்கொடுத்தாள் என்று பேசுவார்கள், அதையும் யோசித்துவிட்டேன். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை, பிள்ளைக்குப் போய் இப்படி எழுதுவார்களா என்றார். உனக்கு எழுதாமல் அங்கே போய் எழுந்தால்தான் அது துரோகம், தம்பி. எழுந்ததும், கல்வெட்டை அடைத்தது யார் என்று முதலில் என் பெயரைச் சொல்வேன். அடுத்து உன் பெயரைச் சொல்வேன்.

உன் அம்மா